மே மாதத்து வேலூரில் மடியாத புரதம்: சாப்பரோன் போட்டால் சரியாகுமா?

காட்பாடி_பேசஞ்சர் | செவ்வாய், இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சீனியர் அக்கா ஒருவர் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) கால்வாய் ஓரத்து மண்ணிலிருந்து ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். சப்டிலிசின் வகையைச் சேர்ந்த ஒரு புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை) அது வெளியே சுரக்கிறது. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் இல்லாமல் ஆட்டுத்தோலில் முடி நீக்க அது உதவுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அக்கா அந்த ஜீனை லேபில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் போட்டு ஒரு டிசம்பரில் புரதம் எடுத்துவிட்டார். பால் அகார் தட்டில் வெள்ளை கரைந்து தெளிவான வளையம் வந்த படம் அவர் நோட்டில் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன்.

நானும் அதே வெக்டர் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ), அதே ஈ.கோலை. பிரைமர் (ஜீனில் எங்கிருந்து எங்கே வரை நகலெடுப்பது என்று குறிக்கும் டிஎன்ஏ துண்டு) மட்டும் புதிதாக வடிவமைத்தேன். 37 டிகிரி, ஜீனைத் தூண்டிவிடும் ஐபிடிஜி போட்டு நான்கு மணி நேரம். புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 28 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் பட்டை தடிமனாக வருகிறது. ஆனால் செல்லை உடைத்துச் சுழற்றினால் அத்தனையும் பெல்லட்டில் (அடியில் படியும் வண்டலில்). சூப்பர்நேட்டன்டில் (மேலே நிற்கும் தெளிவான நீரில்) ஒன்றும் இல்லை, தட்டில் வளையமும் இல்லை.

"சாப்பரோன் பிளாஸ்மிட் கூடப் போட்டுப் பார்" என்று கைடு சொல்கிறார். மற்ற புரதங்கள் சரியாக மடியத் துணை நிற்கும் புரதம்தான் சாப்பரோன், அதன் ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம் அந்தப் பிளாஸ்மிட். அது சும்மா கிடைக்காது, வாங்கினால் என் கைக்காசு. போட்டால் நிச்சயம் சரியாகுமா?

ஜெல்_ஓட்டி | புதன், காலை 6.15

பெல்லட்டில் இருப்பது இன்க்ளூஷன் பாடி. சரியான வடிவத்துக்கு மடியாத, பாதி மடிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையானது. ஐபிடிஜி போட்டவுடன் புரதம் கட்டும் ரைபோசோம்கள் வேகமாக உற்பத்தியில் இறங்குகின்றன. செல்லுக்குள் ஏற்கெனவே ஒரு மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் பெரிய மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரிந்தபடி ஒரு புதுச் சங்கிலி அங்கே வந்தால், பக்கத்தில் உள்ள இன்னொன்றின் அதே பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். சரியாக மடிந்திருந்தால் அந்தப் பகுதிகள் உள்ளே ஒளிந்திருக்கும், பிரச்சினை இல்லை.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை: வெப்பத்தை 18 டிகிரிக்கு இறக்கு, ஐபிடிஜியைப் பத்தில் ஒன்றாகக் குறை, இரவு முழுக்க மெதுவாக ஓடவிடு. பாதிக் கேஸ்களில் அதுவே போதும்.

காட்பாடி_பேசஞ்சர் | புதன், காலை 6.40

அண்ணா, எங்கள் ஷேக்கரில் (வளர்ப்பை ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில்) கூலிங் கிடையாது. 18 என்று செட் செய்தால் அது பாவமாக அறை வெப்பத்தைக் காட்டிக்கொண்டு சும்மா ஆடும்.

வெயிலூரான் | புதன், காலை 7.05

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாப்பா, உன் அறை வெப்பம் என்ன என்று யாருமே கேட்கவில்லையே.

நான் லேபில் முப்பது வருடம் இன்குபேட்டர், ஆட்டோகிளேவ், ஷேக்கர் என்று பழுது பார்த்தவன். கூலிங் இல்லாத ஷேக்கருக்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும். மோட்டாரும் ஆடி ஆடிச் சூடு விடும். அறையைவிட ஐந்து டிகிரியாவது மேலே போனால்தான் அதன் கட்டுப்பாடே ஒழுங்காக வேலை செய்யும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 41, 42. ஏசி இல்லாத மாடி லேபில் மதியம் 38 இருக்கும். நீ 37 என்று செட் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய், உள்ளே 42 ஓடியிருக்கும். திரையில் வரும் எண்ணை நம்பாதே. ஒரு பிளாஸ்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு தெர்மாமீட்டர் போட்டு ஒரு மணி நேரம் ஆட்டிப் பார்.

உங்கள் அக்கா டிசம்பரில் செய்தார். நம்மூர் டிசம்பர் இரவு 20 டிகிரிக்குக் கீழே போகும். அவருக்கு வேலூரே ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஆற்காடு_மக்கன்பேடா | புதன், காலை 9.30

எங்கள் வீட்டில் இட்லி மாவும் இப்படித்தான். டிசம்பரில் போர்வை போர்த்தினாலும் பொங்காது, மேயில் ராத்திரி பத்து மணிக்கே பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கும். நான் ஸ்வீட் கடைக்காரன், உங்கள் பாஷை பாதி புரியவில்லை. ஆனாலும் படித்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்தாதீர்கள்.

காட்பாடி_பேசஞ்சர் | புதன், மதியம் 3.20

வெயிலூரான் ஐயா, கும்பிடுகிறேன். திரையில் 37.0. தண்ணீரில் 41.5.

ஜெல்_ஓட்டி | புதன், மாலை 4.02

அடக்கடவுளே. 41.5 என்றால் அது வளர்ப்பு இல்லை, ஹீட் ஷாக்.

மேட்டுத்தெரு_மீனாட்சி | புதன், மாலை 5.15

ஒரு சந்தேகம். ஹீட் ஷாக் வந்தால் பாக்டீரியா தானாகவே சாப்பரோன்களை அதிகம் செய்யும் என்று படித்திருக்கிறேனே? குரோ-இஎல், டிஎன்ஏகே என்ற சாப்பரோன்கள் எல்லாம் ஹீட் ஷாக் புரதங்கள்தானே? அப்படியானால் வேலூர் வெயில் இந்தப் பெண்ணுக்கு உதவியிருக்க வேண்டும். சிலர் ஐபிடிஜி போடுவதற்கு முன் வேண்டுமென்றே 42-இல் கொஞ்ச நேரம் வைக்கிறார்களாம்.

ஜெல்_ஓட்டி | புதன், இரவு 8.47

நல்ல கேள்வி, அக்கா. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு: டிஎன்ஏகே என்பது டிஎன்ஏ இல்லை, ஒரு புரதத்தின் பெயர். அந்தப் பெயரால் குழம்பாத மாணவனை நான் பார்த்ததில்லை.

ஈ.கோலையில் சிக்மா-32 என்று ஒரு புரதம் உண்டு. ஹீட் ஷாக் ஜீன்களைத் திறக்கும் சாவி அது. 30 டிகிரியில் அந்தச் சாவியின் ஆயுள் ஒரு நிமிடம் போல. காரணம், சும்மா இருக்கும் டிஎன்ஏகேயும் அதன் கூட்டாளி டிஎன்ஏஜேயும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, எஃப்டிஎஸ்ஹெச் என்ற புரோட்டியேஸ் அதைத் தின்றுவிடும். வெயில் ஏறி புரதங்கள் குலைய ஆரம்பித்தால் டிஎன்ஏகேக்கு வேலை வந்துவிடும், குலைந்தவற்றைப் பிடிக்க ஓடும். சிக்மா-32 தப்பிக்கும், சாவி திறக்கும், இன்னும் நிறைய டிஎன்ஏகே பிறக்கும். வேலை முடிந்து அவை மறுபடி சும்மா இருக்கும்போது சிக்மா-32-ஐப் பிடித்துக்கொள்ளும். ஆக, செல் வெப்பத்தை மட்டும் அளக்கவில்லை, சும்மா இருக்கும் டிஎன்ஏகே எத்தனை என்றும் எண்ணுகிறது. இது போக, சிக்மா-32-இன் எம்ஆர்என்ஏவே (ரைபோசோம் படிக்கும் ஜீன் நகலே) தன்மேல் தானே மடிந்து மூடிக்கிடக்கும், சூட்டில் அந்த மடிப்பு இளகித்தான் ரைபோசோம் உள்ளே நுழையும். அது ஒரு தெர்மாமீட்டர். இந்த ஷேக்கரில் இருப்பதைவிட நல்ல தெர்மாமீட்டர்.

இப்போது உங்கள் கேள்வி. முன்கூட்டியே சூடு காட்டி, சாப்பரோன் பெருகிய பிறகு குளிரவைத்து, அப்புறம் ஐபிடிஜி போட்டால் பலன் கிடைப்பதுண்டு. இந்தத் தங்கை செய்தது அதுவல்ல. சூட்டிலேயே உற்பத்தி. சாப்பரோன் கூடுவது உண்மை, ஆனால் ஈ.கோலையின் சொந்தப் புரதங்களே குலைந்து அவற்றின் முன் வரிசையில் நிற்கும். இவளுடைய புரதம் வரிசைக் கடைசியில்.

சொல்லாய்வி | புதன், இரவு 9.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "சாப்பரோன்" என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது? "தோழிப்புரதம்" என்று வைக்கலாமே. அகப்பாடல்களில் தலைவியின் கூடவே இருப்பவள் தோழி. அவளுக்கென்று ஒரு கதை இல்லை. தலைவியின் காரியம் கூடியதும் விலகிக்கொள்வாள். இந்தப் புரதங்களும் இறுதி அமைப்பில் பங்கு பெறாமல் விலகுகின்றன என்கிறீர்கள். பொருத்தமாக இல்லையா?

மேட்டுத்தெரு_மீனாட்சி | புதன், இரவு 9.44

ஐயா, பொருத்தம் தலைகீழாக இருக்கிறது! தோழி இரவுக்குறி, பகற்குறி என்று ஏற்பாடு செய்து சேர்த்து வைப்பவள். சாப்பரோன் என்பவர் அந்தக் காலத்து ஐரோப்பாவில் இளம்பெண்ணுடன் விருந்துக்குப் போய், யாரோடும் தப்பாகச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்ட மூத்த பெண். 1978-இல் ரான் லாஸ்கி இந்தச் சொல்லை மூலக்கூறுக்குக் கொண்டுவந்தபோது அவர் நினைத்ததும் தப்பான ஒட்டுதலைத் தடுப்பதைத்தான். நம்மூரில் அந்த வேலையைச் செய்பவர் திருவிழாவுக்குக் கூடவே வரும் அத்தை.

ஆற்காடு_மக்கன்பேடா | புதன், இரவு 9.50

அத்தைப்புரதம். என் ஓட்டு இதற்கே.

சொல்லாய்வி | புதன், இரவு 10.12

ஒப்புக்கொள்கிறேன், தோழியை வாபஸ் வாங்குகிறேன். அத்தையை ஏற்க மாட்டேன். "மடிப்புத்துணை" என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று: ஒருவர் எனக்குத் தனிச்செய்தியில் "சாப்பரோன் என்சைம்" என்று எழுதியிருந்தார். இவை நொதிகளா?

ஜெல்_ஓட்டி | புதன், இரவு 10.58

இரண்டு கூட்டம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிக் குழப்பம்.

ஒரு கூட்டம் உண்மையான நொதிகள், வேதிப்பிணைப்பைத் தொட்டு வேலை செய்பவை. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் முன்னால் உள்ள பிணைப்பு இரண்டு நிலையில் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திரும்ப நேரம் பிடிக்கும். அதைச் சட்டென்று திருப்பிவிடும் நொதிகள் உண்டு. அதேபோல் இரண்டு சிஸ்டீன்களுக்கு நடுவே கந்தகப் பாலம் போடுவது டிஎஸ்பி-ஏ, தப்பாகப் போட்ட பாலத்தை மாற்றிப் போடுவது டிஎஸ்பி-சி.

இன்னொரு கூட்டம் குரோ-இஎல், டிஎன்ஏகே போன்றவை. செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைப்பதால் அந்த அளவில் அவையும் நொதிதான். ஆனால் மடியும் புரதத்தில் எந்தப் பிணைப்பையும் அவை மாற்றுவதில்லை. பிடிப்பதும் விடுவதும்தான் தொழில்.

குரோ-இஎல்லைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஏழு ஏழாக இரண்டு வளையம், பதினான்கு துண்டு, ஒவ்வொன்றும் 57 கிலோடால்டன். நடுவே குழி. குலைந்த புரதம் குழியின் வாய்க்கு வந்து ஒட்டும். ஏழு ஏடிபி ஏறியதும் குரோ-இஎஸ் என்ற மூடி மேலே உட்காரும். உள்சுவர் புரண்டு, இதுவரை தண்ணீரை வெறுத்த சுவர் தண்ணீரை விரும்பும் சுவராகிவிடும். பிடி விட்டுப்போய், புரதம் அறைக்குள் தனியாக விழும். சுமார் பத்து நொடி. யாரோடும் ஒட்ட முடியாது, மடிய முயற்சி செய்யலாம். ஏடிபி உடைந்ததும் மூடி திறக்கும். மடிந்திருந்தால் போகலாம், இல்லையென்றால் மறுபடி வரலாம். 60 கிலோடால்டன் வரை உள்ள புரதம்தான் உள்ளே கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த வழி இன்னும் சுவை. 1970களின் தொடக்கத்தில் கோஸ்டா ஜார்ஜோபூலஸ் போன்றவர்கள் பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் வளராத ஈ.கோலை வகைகளைத் தேடினார்கள். கோளாறு வைரஸில் இல்லை. வைரஸின் தலை கட்டப்படாமல் உருண்டையாகிப் போனது, காரணம் பாக்டீரியாவின் ஒரு ஜீன் பழுது. வளர்ச்சி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துதான் அந்த "குரோ". இருபது வருடம் கழித்து, 1994-இல், ஆர்தர் ஹார்விச்சும் பால் சிக்லரும் அவர்கள் குழுவும் அதன் படிக அமைப்பைக் காட்டினார்கள்.

ஆற்காடு_மக்கன்பேடா | வியாழன், காலை 6.30

அந்த அறைக்குள் அச்சு இருக்குமா? பேடா அச்சு மாதிரி? உள்ளே போனதும் அழுத்தி வடிவம் கொடுத்து வெளியே தள்ளுமோ?

ஜெல்_ஓட்டி | வியாழன், காலை 7.10

இல்லவே இல்லை. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு நமஸ்காரம், பாடப்புத்தகம் படித்தவர்களும் இங்கே வழுக்குவார்கள். வெவ்வேறு வடிவமுள்ள பல புரதங்களுக்கு ஒரே அறை. அச்சு இருந்தால் எல்லாம் ஒரே வடிவத்தில்தான் வரும். வடிவம் அமினோ அமில வரிசையிலேயே எழுதியிருக்கிறது. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவில் குலைத்து, யூரியாவை எடுத்துவிட்டுப் பார்த்தார். துணைக்கு ஒருவரும் இல்லாத சோதனைக்குழாயில் அது தானே மடிந்து வேலை செய்தது. 1972-இல் நோபல். குரோ-இஎல் கொடுப்பது வடிவம் அல்ல, தனிமை.

ஆற்காடு_மக்கன்பேடா | வியாழன், காலை 7.25

அப்படியானால் வெந்த முட்டையையும் பச்சையாக்கலாமோ?

மேட்டுத்தெரு_மீனாட்சி | வியாழன், காலை 8.00

ஆம்லெட் கேட்டவரிடம் காட்ட முடியாது. 2015-இல் கிரிகரி வைஸ், காலின் ராஸ்டன் குழுவினர் வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் மெல்லிய படலமாக இழுத்து, அதிலிருந்த லைசோசைமைத் திரும்பவும் மடியவைத்தார்கள். அதற்கு இக்நோபல் பரிசும் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்குக் கொடுப்பது) வாங்கினார்கள். மீண்டது ஒரு புரதம்தான், முட்டை அல்ல. பாக்டீரியாவுக்குள் ஒட்டிக்கிடப்பதைப் பிரிக்கிற வேலைக்கு கிளிப்-பி என்று ஒன்று உண்டு. ஒட்டிய குவியலிலிருந்து ஒவ்வொரு சங்கிலியாக நூல் உருவுவதுபோல உருவும், டிஎன்ஏகேயும் கூட நிற்கும்.

பைபாஸ்_ரோடு_பயோடெக் | வியாழன், காலை 10.20

தேவையில்லாத ஆராய்ச்சி. சிஸ்டர், டிஎஸ்பி-சி உள்ள ஈ.கோலை வகை ஒன்று வாங்குங்கள். கந்தகப் பாலம் சரியாக விழுந்தால் புரதம் கரைந்துவிடும். எனக்கு இரண்டு தடவை வேலை செய்தது. வேண்டுமானால் குரோ பிளாஸ்மிடும் சேர்த்துப் போடுங்கள். எல்லாம் போட்டால் ஏதோ ஒன்று பிடிக்கும்.

மேட்டுத்தெரு_மீனாட்சி | வியாழன், காலை 10.41

சப்டிலிசினில் சிஸ்டீனே கிடையாது. இல்லாத ஆற்றுக்கு எதற்குப் பாலம்? (பாலாற்றைச் சொல்லவில்லை.)

ஜெல்_ஓட்டி | வியாழன், காலை 11.05

குரோ பிளாஸ்மிட் யோசனையிலும் ஓட்டை இருக்கிறது, நேற்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இவள் வெக்டரில் ஏற்றுமதிச் சிக்னல் (வெளியே அனுப்பச் சொல்லும் முகவரித் துண்டு) இருந்தால், புரதம் உள்சவ்வைத் தாண்டி பெரிபிளாசத்துக்கு (இரண்டு சவ்வுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு) போய்த்தான் மடிய வேண்டும். குரோ-இஎல் இருப்பது சவ்வுக்கு இந்தப் பக்கம், சைட்டோபிளாசத்தில். பெரிபிளாசத்தில் ஏடிபியே இல்லை. அங்கே வேலை பார்க்கும் சுர்-ஏ, எஸ்கேபி, டெக்-பி எல்லாம் ஏடிபி இல்லாமலே பிழைப்பவை. தங்கச்சி, உன் வெக்டரில் சிக்னல் இருக்கிறதா?

காட்பாடி_பேசஞ்சர் | வியாழன், மதியம் 1.15

இருக்கிறது அண்ணா. பெல்-பி சிக்னல், வெக்டரோடு வருவது. அதனால்தான் ஜீனின் சொந்தச் சிக்னலை வெட்டிவிட்டேன்.

ஓய்வில்_உயிர்வேதியியல் | வியாழன், இரவு 7.30

மூன்று நாளாக வாசிக்கிறேன். கடந்த பக்கத்தில் ஒரு எண் கண்ணை உறுத்துகிறது. 28 கிலோடால்டன் என்று எழுதினாய், அம்மா. ஜீனின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எடுத்தாய்?

காட்பாடி_பேசஞ்சர் | வியாழன், இரவு 7.52

சார், அதே குடும்பத்துச் சப்டிலிசின்-ஈ-யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முழுச் சங்கிலி 381 அமினோ அமிலம். தரவுத்தளத்தில் முதிர்ந்த புரதம் கடைசி 275 என்று போட்டிருந்தது. அந்த 275-ஐ மட்டும் எடுத்தேன். முன்னால் இருப்பது எப்படியும் வெட்டுப்பட்டுப் போவதுதானே, தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஓய்வில்_உயிர்வேதியியல் | வியாழன், இரவு 8.40

அங்கேதான் உன் சாப்பரோனை வெட்டிக் குப்பையில் போட்டாய்.

381 என்பதில் முதல் 29 ஏற்றுமதிச் சிக்னல், அதை நீக்கியது சரி. கடைசி 275 முதிர்ந்த நொதி. நடுவே 77 அமினோ அமிலம் மிச்சம். அதற்குப் புரோபெப்டைடு என்று பெயர். அது இல்லாமல் சப்டிலிசின் மடியாது. பாதி வழியில் கூழாக நின்றுவிடும். எத்தனை குரோ-இஎல் ஊற்றினாலும் நிற்கும். 1987-இல் மசாயோரி இனோவே குழு ஈ.கோலையில் இதையேதான் பார்த்தது: புரோ பகுதி இருந்தால் வேலை செய்யும் நொதி, இல்லையென்றால் வேலை செய்யாத புரதம். மூலக்கூறுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சாப்பரோன் என்று அதைச் சொல்வார்கள்.

காலையில் ஸ்வீட் கடைக்காரர் அச்சைப் பற்றிக் கேட்டார். குரோ-இஎல்லைப் பொறுத்தவரை அவருக்குச் சொன்ன பதில் சரி. ஆனால் இந்த 77-ஐப் பொறுத்தவரை அவர் பாதி சரி. வீடு கட்டும்போது கான்கிரீட் இறுகும்வரை அடியில் சென்ட்ரிங் பலகை அடிப்பார்கள் இல்லையா, அது இதுதான். புரோபெப்டைடு முதிர்ந்த பகுதியின் ஒரு பக்கத்தில் ஒட்டி, அந்தப் பக்கத்துச் சுருள்கள் சரியான இடத்தில் உட்காரும்வரை தாங்கிப் பிடிக்கும். உட்கார்ந்ததும் நொதி உயிர் பெறும். உயிர் பெற்று முதலில் செய்வது என்ன தெரியுமா? தன் புரோபெப்டைடைத் தானே வெட்டி, அதைத் தின்றுவிடும். கொத்தனார் பலகையைப் பிரிப்பதோடு நிறுத்துவார், இது பலகையையே சாப்பிடும்.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? புரோட்டியேஸ் வெளியே, மற்ற புரோட்டியேஸ்கள் மேயும் இடத்தில் வாழ வேண்டிய பிராணி. அசைந்து கொடுத்தால் அடுத்தது கடித்துவிடும். அதனால் அது மிக இறுக்கமாகப் பூட்டப்பட்ட வடிவம். குலைவதற்கு ஒரு மலை ஏற வேண்டும். மடிவதற்கும் அதே மலைதான், மறுபக்கத்திலிருந்து. இதே குணமுள்ள ஆல்ஃபா-லைட்டிக் புரோட்டியேஸ் என்று ஒன்று. டேவிட் அகார்டு குழு 1998-இல் கணக்குப் போட்டது: புரோ பகுதி இல்லாமல் பாதி மூலக்கூறுகள் மடிய ஏறக்குறைய 1,800 வருடம். உன் வைவா அதற்குள் முடிந்துவிடும்.

உங்கள் அக்காவின் நோட்டை எடுத்து அவர் பிரைமரைப் பார். அவர் புரோவைச் சேர்த்தே எடுத்திருப்பார்.

வெயிலூரான் | வியாழன், இரவு 8.55

அப்போது என் டிசம்பர் தத்துவம் அவுட்டா?

ஓய்வில்_உயிர்வேதியியல் | வியாழன், இரவு 9.10

அவுட் இல்லை, ரன்னர்-அப். 41.5 டிகிரியில் புரோ இருந்தாலும் பாதி உருண்டைதான் ஆகும். இரண்டு தவறும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. வெப்பத்தை மட்டும் சரிசெய்திருந்தால் கரைந்த புரதம் கொஞ்சம் வந்திருக்கலாம். தட்டில் வளையம் வந்திருக்காது, அதைப் பார்த்து இந்தப் பெண் இன்னும் ஒரு மாதம் அழுதிருக்கும்.

காட்பாடி_பேசஞ்சர் | வியாழன், இரவு 11.35

அக்கா நோட்டு, 43-ஆம் பக்கம். பிரைமர் பெயருக்குப் பக்கத்திலேயே பச்சை மையில் "புரோவோடு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். நான் அது புரோட்டியேஸின் சுருக்கம் என்று நினைத்தேன்.

மேட்டுத்தெரு_மீனாட்சி | வெள்ளி, காலை 6.20

சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. மன்னித்துக்கொள் கண்ணு. நான் ஒரு தடவை ஸ்டாப் கோடானை (புரதம் முடியும் இடத்தைக் காட்டும் குறியை) விட்டுவிட்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

கரிகிரி_ஆலமரம் | வெள்ளி, காலை 9.15

கொஞ்சம் தடம் மாறிப் போகிறேன். எங்கள் அப்பா கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1980களில் தொழுநோய்க் கிருமியில் நம் உடல் அதிகம் அடையாளம் கண்டுகொள்ளும் புரதம் என்று 65 கிலோடால்டன் புரதம் ஒன்றைப் பற்றி அங்கே ஓயாமல் பேசுவார்கள் என்பார். பிறகுதான் அது குரோ-இஎல் குடும்பம் என்று தெரிந்ததாம். அந்தக் கிருமியை இன்றுவரை தட்டில் வளர்க்க முடியவில்லை, அதனால் அதன் ஜீனை எடுத்து ஈ.கோலைக்குள் போட்டுத்தான் அந்தப் புரதத்தைப் படித்தார்கள். இந்த இழையைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ஜெல்_ஓட்டி | வெள்ளி, காலை 9.40

தடம் மாறவில்லை அண்ணா. உள்ளே பதுங்கி வாழும் கிருமிக்கு நம் உடம்பு கொடுக்கும் தொல்லையில் தன் புரதங்களைக் காப்பாற்ற இவை நிறையத் தேவை. நிறைய இருப்பது நம் எதிர்ப்பு செல்களின் கண்ணில் முதலில் படும்.

தங்கச்சிக்கு: புரோவோடு மறுபடி குளோன் செய். வளர்ப்பில் கால்சியம் குளோரைடு கொஞ்சம் போடு, மடிந்த சப்டிலிசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிலைத்து நிற்கும். அதிகம் உற்பத்தி செய்யவும் ஆசைப்படாதே. இந்த முறை உனக்கு வரப்போவது உயிருள்ள புரோட்டியேஸ். ஈ.கோலையையே கடிக்கும்.

பிற்காலத்தில் வசதி வந்தால் ஈ.கோலையை விட்டுவிட்டு, வெளியே சுரக்கும் எட்டு புரோட்டியேஸ்களை நீக்கிய பேசில்லஸ் வகையில் போடு. அதன் சவ்வுக்கு வெளிப்பக்கம் பிஆர்எஸ்-ஏ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தாநாள் சொன்ன புரோலின் திருப்பும் குடும்பம். சுரக்கும் புரதம் சவ்வைத் தாண்டி வந்ததும் மடிய உதவுவது அதுதான். உன் புரதத்துக்குச் சொந்த ஊர்த் துணை.

வெயிலூரான் | வெள்ளி, காலை 10.05

ஷேக்கருக்கு என் வைத்தியம்: மீன் மார்க்கெட்டில் தெர்மோகோல் பெட்டி கேள், சும்மாவே தருவார்கள். பிளாஸ்கைச் சுற்றி ஐஸ் வைக்காதே, உடைந்து தொலையும். ஷேக்கருக்குள் மூலையில் இரண்டு பாட்டில் உறைந்த தண்ணீர் வை, ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆட்ட மட்டும் விடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டில் மாற்று. இராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பி. 18 வராது. 25, 26 வரும். கரண்ட் போனால் என்னைத் திட்டாதே.

நெறியாளர் | வெள்ளி, மதியம் 12.00

தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை வந்துவிட்டதால் இழையைப் பூட்டலாமா என்று கேட்டார்கள். முடிவு தெரியும்வரை பூட்ட மாட்டேன். அத்தைப்புரதம் பற்றிய பதினோரு பதிவுகளை மட்டும் அரட்டைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன்.

காட்பாடி_பேசஞ்சர் | 24 நாள் கழித்து, காலை 5.10

தூங்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புரோவோடு குளோன் செய்து சீக்வென்சிங்கும் பார்த்தாயிற்று. இரண்டு பிளாஸ்க் வைத்தேன். ஒன்று பகலில், அதே 37 செட்டிங்கில் (உண்மையில் 40.5). இன்னொன்று இரவில், பாட்டில் ஐஸ் முறையில் (25-க்கும் 27-க்கும் நடுவே ஆடியது). தம்பி கூட வந்து பாட்டில் மாற்றினான், அவனுக்கு ஒரு பிரியாணி கடன்.

பகல் பிளாஸ்க்: ஜெல்லில் 36 பக்கம் பட்டை, கிட்டத்தட்ட எல்லாம் பெல்லட்டில். தட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான வளையம்.

இரவுப் பிளாஸ்க்: இதிலும் பாதிக்கு மேல் பெல்லட்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சூப்பர்நேட்டன்டில் 36-இல் மங்கலாக ஒன்று, 28-இல் தெளிவாக ஒன்று. புரோபெப்டைடு வர வேண்டிய 9 பக்கம் ஒன்றுமே இல்லை. சார் சொன்னபடி தின்றுவிட்டது போல. தட்டில் வளையம் நான்கு மில்லிமீட்டர். அக்காவுக்குப் படம் அனுப்பினேன், "ஐஸ் பாட்டிலா?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பரோன் பிளாஸ்மிட் வாங்கவில்லை. மொத்தச் செலவு பிரைமருக்கும் பிரியாணிக்கும்.

ஓய்வில்_உயிர்வேதியியல் | அதே நாள், காலை 5.45

9 கிலோடால்டன் பட்டை சாதாரண ஜெல்லில் ஓடி வெளியேயும் போயிருக்கும். தின்றது என்று எழுதுவதற்கு முன் அதிக சதவீத ஜெல்லில் ஒரு தடவை ஓட்டு. வைவாவில் நான் இருந்தால் இதைத்தான் கேட்பேன். மற்றபடி, சபாஷ்.

ஆற்காடு_மக்கன்பேடா | அதே நாள், காலை 7.00

தோலில் போட்டுப் பார்த்தீர்களா? முடி போனதா?

காட்பாடி_பேசஞ்சர் | அதே நாள், காலை 7.20

ராணிப்பேட்டையில் மாமா ஷாப்பிலிருந்து உள்ளங்கை அளவு ஆட்டுத்தோல் ஒன்று வாங்கி வந்து, விடியற்காலை நாலு மணிக்கு ஊறப்போட்டேன். இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன், முடி கெட்டியாக நிற்கிறது. சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கிறேன்.